மூக்குவரை உயர்ந்த கைகள்

தொண்ணூறுகளில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை செய்தேன். கம்போடியா போக யோசித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வெள்ளைக்காரருக்கு அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல, அந்நாட்டின் கெமர் இனப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். குள்ளமானவர், ஒட்ட வெட்டிய நரைமுடி. வாய் திறக்குமுன் கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

"அங்கே படுகொலைப் பிணக்குழிகளைத் தவிர என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

என் ஊரான யாழ்ப்பாணத்தைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்டால் சண்டைக்கே போவேன். அவரோ பொத்தானைத் தொட்டுவிட்டு, "முதலில் வணக்கம் சொல்லப் பழகுங்கள்," என்று கைகூப்பினார்.

"சம வயதினருக்கு நெஞ்சருகே. மூத்தவருக்கு வாயருகே. ஆசிரியருக்கு மூக்கருகே."

ஒரு மணி நேரம் அதையே செய்யவைத்தார். தாழ்ந்த கைகளைத் தானே உயர்த்தித் திருத்தினார்.

"தம்பி, உவா பள்ளிக்கூடமெல்லே நடத்துறா! ஒருத்தரும் டிக்கெட் எடுக்கமாட்டினம்," என்று முதலாளி என் காதில் புறுபுறுத்தார்.

பேச்சு முடிந்தது. கேள்வி கேட்டவர்தான் முதலில் எழுந்து அவரை வணங்கினார். கூப்பிய கைகள் மூக்கருகே நின்றன. மற்றப் பதினொரு பேரும் அப்படியே எழுந்தார்கள்.

"எனக்கும் மனைவிக்கும் இரண்டு டிக்கெட்," என்றார் அந்த மனிதர்.

நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அது அவர் காதில் விழவேயில்லை. அவருடைய கைகளும் மூக்கருகே இருந்தன.