மூன்று புள்ளிக் கத்தி

பண்பொழி சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஏசுதாசன், கத்தி கேட்டு வருபவரிடம் முதலில் கையைக் காட்டச் சொல்வார். உள்ளங்கையை நூலால் அளப்பார். என்ன வெட்டுவீர்கள், நின்றா உட்கார்ந்தா என்று கேட்பார். வடகரை கறிக்கடை அப்துல் மஜீது இடது கைக்காரர். அவருடைய கத்திப் பிடியை இடது பெருவிரல் அமரும்படி ஏசுதாசன் சற்றே குடைந்து கொடுத்திருந்தார். பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்த அந்தக் கத்தியை ஒற்றை விரலில் வைத்தால் சாயாமல் நிற்கும். அலகு சிவந்திருக்கும்போதே தன் அடையாளமான மூன்று புள்ளி முத்திரையை அச்சு வைத்து அடித்துவிட்டு, பிறகுதான் எண்ணெயில் தோய்ப்பார். தோய்த்து இறுகிய இரும்பில் அச்சு இறங்காது.

அந்த மஜீது ஒரு நாள் வளைந்த கத்தி ஒன்றைப் பட்டறை வாசலில் எறிந்தார்.

"என்னவே இது, கத்தியா தகரமா? உம்ம பேரை நம்பி மருமவனுக்குக் குத்தாலத்துல வாங்கிக் கொடுத்தேன். ஒரு எலும்புக்குத் தாங்கல."

"இது நான் அடிச்சதில்ல பாய்."

"அப்ப மூணு புள்ளி தானா முளைச்சுதாக்கும்?"

மஜீது மறுபடி வரவில்லை. அவரைப் பார்த்து மற்ற கறிக்கடைக்காரர்களும் வராமல் நின்றுவிட்டார்கள்.

குற்றாலத்தில் கடை வைத்திருப்பவன் ஜோயல். ஆறு வருடம் ஏசுதாசனின் கத்திகளை வாங்கி விற்றவன். இப்போது எங்கிருந்தோ மிஷின் கத்தி இறக்கி, போலி அச்சு ஒன்றும் செய்துகொண்டான். போலீசுக்குப் போகச் சொன்னார்கள். ஏசுதாசன் போகவில்லை. அபராதம் கட்டிவிட்டு ஜோயல் சிரித்துக்கொண்டு வருவதை அவரால் பார்க்க முடியாது. கூட்டத்தின் நடுவே அவன் தலை குனிய வேண்டும். அருவிக்குக் கூட்டம் வரும் சீசனுக்காகக் காத்திருந்தார்.

ஜோயல் வாங்குபவர் கண்ணெதிரே முத்திரை அடித்துத் தருகிறான் என்று கேள்விப்பட்ட அன்று, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"முட்டாப்பய, முடிஞ்ச கத்தியில அடிக்கான்!"

ஆடி மாதச் சாரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஜீதைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனார். அருவியில் குளித்த ஈரத்தலையோடு ஜோயல் கடையில் பத்துப் பேர் நின்றார்கள். ஏசுதாசன் முத்திரை அடிக்காமலே தோய்த்தெடுத்த தன் கத்தி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"ஜோயலு, இதுலயும் மூணு புள்ளி அடிச்சுத் தா."

ஜோயல் முகம் வெளுத்தது. "அண்ணாச்சி, பொறவு பேசுவோம்."

"எதுக்குப் பொறவு? இவங்களுக்கு அடிச்சியே, அதே மாதிரிதான். அடிலே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோயல் அடித்தான். அச்சு வழுக்கியது. மறுபடி ஓங்கி அடித்தான். அச்சின் முனை நசுங்கியது. கத்தியில் கீறல்கூட இல்லை.

ஏசுதாசன் கூட்டத்தைப் பார்த்தார். "உங்க கத்தியில மட்டும் புள்ளி சுளுவாப் பதிஞ்சுதுல்லா? பதிஞ்சா அது தோய்க்காத இரும்பு. ஒரு எலும்புக்கு வளைஞ்சிரும்."

ஒரு பெண் தன் கத்தியை மேஜையில் திருப்பி வைத்தாள். அடுத்தவரும் வைத்தார்.

"போதும் அண்ணாச்சி. எம் பொழப்பு போயிரும்."

"எம் பொழப்பு போவும்போது நீ எங்கன இருந்தே? இன்னொண்ணு அடி."

மூன்று புள்ளியும் மழுங்கி அச்சு வெறும் கம்பியாகும்வரை அடிக்க வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் மஜீது மெதுவாகக் கேட்டார்: "தப்பு என்மேலதான்வே. மருமவனுக்கு ஒண்ணு அடிச்சுத் தாரும்."

"தாரேன். மூணு மாசம் ஆவும்."

"எனக்குப் பத்து நாள்ல தந்தீரே?"

"அப்ப நீர் என்னை நம்பினீரு," என்று சொல்லிவிட்டு ஏசுதாசன் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறினார்.