பிடரிக்கு அடியில் ஒரு கை

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர், சொந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப்போய் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. தெருவில் இன்றும் அவருக்கு ‘ஹாரன்’ என்றுதான் பெயர்.

பதினோரு வருடமாக அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி உட்கார வைத்தவள் மனைவி. போன மாதம் அவள் முதுகே மக்கர் செய்தது. “இன்னொரு தடவை தூக்கினீங்கன்னா நீங்களும் படுக்கைதான்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார் டாக்டர். மறுவாழ்வு மையம் ஒரு தூக்கும் ரோபோவை இரண்டு வாரச் சோதனைக்குக் கொடுத்தது. இன்று பரீட்சை. யாரும் தொடாமல், ஹாரனே பொத்தானை அழுத்தி நாற்காலிக்குப் போனால் ரோபோ இங்கேயே இருக்கும். தவறினால் அது வேறொருவர் வீட்டுக்கு, அவர் காப்பகத்துக்கு.

மையத்துப் பெண் கையில் தாளோடு சுவரோரம் நின்றாள். ஹாரன் பொத்தானை அழுத்தினார். இயந்திரக் கரங்கள் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் நுழைந்து அவரை மெல்ல உயர்த்தின. ஒரு முழம் எழும்பியிருப்பார். பழக்கதோஷம், கட்டிலருகே நின்ற மனைவியின் கை அவர் பிடரிக்கு அடியில் போய்விட்டது.

வேறு ஆள் கை உள்ளே வந்தால் நின்றுவிடும் இயந்திரம் அது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அந்தரத்தில் கிடந்தார்.

“கையை எடுங்கம்மா. ஒரு நிமிஷத்துக்குள்ள எடுத்தா பரவாயில்லை, அதுக்கு மேலே போனா ஃபெயில்னு எழுதணும்.”

“எடுத்தா விழுந்துடுவாரு!”

சொல்லும்போதே மனைவி முழங்காலை மடக்கி, தூக்கத் தயாராகிவிட்டாள். தான் விழுவதை ஹாரன் நினைக்கவே இல்லை. அவள் முதுகைத்தான் நினைத்தார்.

“கையை எடுடி!”

தெருவெல்லாம் கேட்ட அந்தக் குரல் கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் பாய்ந்ததில்லை. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது. ரோபோ திரும்பி அவரை நாற்காலியில் இறக்கியது. மையத்துப் பெண் தாளில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியேறினாள்.

“பதினோரு வருஷம் தூக்கின கை. ஒரு மிஷினுக்காக, வெளி ஆள் முன்னாடி இப்படிக் கத்துறீங்க.”

“நான் விழுந்தா தூக்க இந்த மிஷின் இருக்கு. நீ விழுந்தா? நான் கட்டில்ல படுத்துக்கிட்டு பார்த்துக்கிட்டு இருக்கணுமா?”

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். பகல் வேளையில் அவள் அங்கே ஓய்வாக உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.