சந்தனப் பொட்டு வைத்த அடாப்டர்

குயிலாப்பாளையத்தில் என் மனைவி வீட்டு வேலை செய்த இடத்து வெள்ளைக்கார அம்மா, ஊருக்குத் திரும்பும்போது தன் கீபோர்டை அவளுக்குக் கொடுத்துவிட்டார். வேலை முடிந்ததும் அதில் ஒற்றை விரலால் வாசித்துப் பழகியிருந்தாள் என் மனைவி.

திண்டிவனம் வீட்டில், வந்த பொருளுக்கெல்லாம் செய்வதுபோல அதற்கும் பொட்டு வைத்தேன். அடாப்டரில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டு சந்தனம் குங்குமம் வைக்க வாகாக இருந்தது.

"அங்க நடுவுல ஒரு பொட்டி வச்சி சொருவுவாங்க," என்றாள்.

"கரண்ட்டு எல்லா ஊர்லயும் கரண்ட்டுதான்," என்று செருகினேன். பட்டென்று சத்தம் கேட்டது. புகை வந்தது.

"ஓட்டைப் பொருளை உன் தலையில கட்டிட்டு பூட்டாங்க. நீயும் இளிச்சிக்கினு வாங்கியாந்திருக்கே!" என்று கத்தினேன்.

அவள் கீபோர்டையும் அடாப்டரையும் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். அந்த அம்மாவைப் பற்றிப் பேசுவதையும் அன்றோடு விட்டுவிட்டாள்.

அவள் இறந்தபின் பரணை ஒழித்தபோது, அடாப்டரில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். கீழே 110 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. நம் வீட்டில் வருவது 230. அதைக் குறைக்கத்தான் அவள் சொன்ன அந்தப் பெட்டி.

அந்த அம்மா நல்ல பொருளைத்தான் கொடுத்திருந்தார். அவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே என் மனைவி போய்ச் சேர்ந்தாள்.