ஆவணியின் கடைசி முயல்

மனைவி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சுவரில் தொங்கும் தமிழ்நாட்டுக் காலண்டர்படி ஆவணி கடைசி நாளன்று வந்தது: “முயலை இன்னிக்கே பொரிச்சிடுங்க. நாளைக்குப் புரட்டாசி. இல்லன்னா கீழ் வீட்டு அக்காவுக்குக் குடுத்துடுங்க.”

சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இது பழைய ஒப்பந்தம். புரட்டாசி பிறந்தால் எங்கள் ஃப்ரீசரில் மிஞ்சிய கறியெல்லாம் கீழ் வீட்டுக் கத்தோலிக்க அக்காவுக்கு. தவக்காலத்தில் அவர் வீட்டுக் கறி எங்களுக்கு. இரண்டு மதங்களும் சேர்ந்து உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

ஆனால் இது கோழி இல்லை. ஆஸ்திரேலியக் காட்டு முயல். தேக்கா சந்தைக் கறிக்கடைக்காரரை மூன்று வாரம் நச்சரித்து வாங்கியது. ராத்திரிதான் செய்தியைப் பார்த்துவிட்டு ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தேன். செங்கல் மாதிரி இருந்தது. அது உருகுவதற்குள் ஆவணி முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தேன். சூரியன் கன்னி ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாதப் பிறப்பு. பின் என்றால் மறுநாள். இன்று அது நுழையும்போது தமிழ்நாட்டில் வெயில் அடிக்கும். சிங்கப்பூரில் விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

“நமக்கு இன்னிக்கும் ஆவணிதான்” என்றேன்.

“சூரியன் உங்களைக் கேட்டுட்டா நுழையுது?” என்றாள் மனைவி. “இந்த வீட்ல புரட்டாசி பொறந்தாச்சு. அடுப்பையும் கழுவியாச்சு.”

அதற்குள் அக்கா டப்பாவோடு வாசலில் நின்றார். “என்ன தம்பி, குடுக்கப்போறீங்களா, இல்ல அதுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?”

“தர மாட்டேங்கிறார்க்கா. அவருக்கு இன்னும் ஆவணியாம்” என்றாள் மனைவி.

“அப்ப எங்க வீட்ல வந்து பொரிங்க லா. எங்களுக்கு ஆவணியும் இல்ல, புரட்டாசியும் இல்ல.”

மனைவியைப் பார்த்தேன். “கீழ என்ன மாசம்னு எனக்குத் தெரியாது. குளிச்சிட்டு மேல வாங்க” என்றாள்.

வளர்ப்பு முயலை நேரே எண்ணெயில் போடலாம். ஓடித் திரிந்தது அப்படி மசியாது. மஞ்சளும் இஞ்சியும் போட்டுக் குக்கரில் வேகவைத்து, தண்ணீர் சுண்டியதும் சோம்பும் இடித்த மிளகும் பிரட்டி, நல்லெண்ணெயில் ஓரம் கறுக்கும்வரை பொரித்தேன். அக்கா தேங்காய்ப் பல் போட்டார். நான் தடுத்தேன், அவர் கேட்கவில்லை. அவர் செய்ததே சரி. தொடைகள் எனக்கு, முதுகுத் துண்டுகள் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

குளித்துவிட்டு மேலே போனேன். மனைவி முகர்ந்து பார்த்து, தலையை மறுபடி அலசச் சொன்னாள்.

பிறகு இன்னொரு பஞ்சாங்கத்தையும் புரட்டினேன். அதன்படி சூரியன் பல மணி நேரம் முன்னதாகவே நுழைந்துவிட்டது. அப்போது இங்கும் பகல்தான். எது சரி என்று கோயில் குருக்களிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆகவே அந்த மதியம் சிங்கப்பூரில் ஆவணியா புரட்டாசியா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.