ஒடுக்கமான படகு

சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த வருஷம், புது அணைத் தண்ணீர் ஊர்ப் பாதையை முழுங்கிவிட்டது. பழவேற்காட்டு ஏரியில் இருபது வருஷம் துடுப்புப் போட்ட வேதாச்சலம், அக்கரைக்குப் போய்வரப் படகு வாங்க அங்கேயே போனான்.

"அகலமானத வாங்கிக்கினு போ, சாயாது," என்றார் படகு செய்யும் ஆசாரி.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. எனக்கு வேகம் வேணும்."

ஒடுக்கமான படகில் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தான். அம்பாகப் பறந்தது, இம்மியும் ஆடவில்லை. அதையே வாங்கினான்.

ஐப்பசியில் நிறைமாத மனைவி அம்சவேணியை அக்கரை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏற்றிக்கொண்டு போனான். வேகத்துக்கு ஒரு குறையுமில்லை. நடுத்தண்ணீரில் அவளுக்கு வலி எடுத்தது. துடித்துப் புரண்டாள். படகு கவிழ்ந்தது.

அவன் மட்டும் நீந்திக் கரையேறினான். மணல் மூட்டைக்கு வலி எடுக்காது என்பது அந்தக் கெட்டிக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது.