அளவு ரவிக்கை கேட்டார்கள், கேளம்பாக்கம் போனோம்

1994 ஜனவரி 9, ஞாயிறு, காலை 6.10. ஒரு ஸ்கூட்டர், இரண்டு பேர். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அக்காவுக்கு மார்பகங்கள் சமமில்லை. அறுவை சிகிச்சையில் சரிசெய்ய என்னென்ன வழி என்று கேட்கப் போனோம். இதை எழுதச் சொன்னதே அவள்தான். பெயர் மட்டும் வேண்டாமாம்.

அவளுக்கு வயது இருபத்தாறு. வலது பெரிது, இடது அதில் பாதி. பதினைந்து வயதிலிருந்து ஒரே தையல்காரம்மா, ரவிக்கையின் இடப்பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். பங்குனியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, ரவிக்கையும் அவர்களே தைப்பார்களாம். அளவு ரவிக்கை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். "என்னோடதைக் குடுத்து விடலாம்" என்றார் அம்மா. இதெல்லாம் ஒரு தீர்வா? அம்மாவுக்குச் சொல்லாமலே கிளம்பினோம்.

தாம்பரத்தில் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே காத்திருக்கும் பெஞ்சில் கட்டாயம் ஒரு சித்தி உட்கார்ந்திருப்பாள். கேளம்பாக்கத்தில் ஞாயிறு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வருகிறார், பெண்மணி.

வண்டலூரில் கிழக்கே திரும்பியதும் மார்கழிப் பனி. உயிரியல் பூங்காவுக்குள் ஒரு சிங்கம் உறுமியது, எந்தத் திசையிலிருந்து என்றே தெரியவில்லை. சாலையோரத்தில் ஏரி எது, வானம் எது என்ற பிரிவே இல்லை. நடுவில் ஒரு கொக்கு மட்டும் எதன் மேலும் நிற்காமல் நின்றது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் பொறுமை கிடையாது. இருந்தும் வேகத்தைக் குறைத்தேன். "ஊரே வரலன்னாகூட பரவாயில்லடா" என்றாள் பின்னாலிருந்து.

மாம்பாக்கத்தில் டீ. கடைக்காரர், "இன்னா சார், இந்தப் பனில சம்சாரத்த இட்டுகினு கெளம்பிட்ட?" என்றார்.

"அக்காங்க."

"அதானே பாத்தேன். சம்சாரமா இருந்தா இந்நேரம் உன்னத் திட்டிகினு இல்ல இருக்கும்!"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

எட்டு மணிக்கு டாக்டர். கட்டணம் எண்பது ரூபாய். பரிசோதனை முடிந்ததும் என்னையும் கூப்பிட்டார். கட்டி எதுவும் இல்லை என்று முதலில் ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். பிறகு மூன்று வழி: சின்னதில் சிலிக்கோன் பை வைக்கலாம், பெரியதைக் குறைக்கலாம், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம். பை ஆயுசுக்கும் வராது, இறுகலாம், மாற்றவும் நேரலாம். குறைத்தால் தழும்பு நிற்கும், உணர்ச்சி குறையலாம், அந்தப் பக்கம் பால் கொடுப்பது கஷ்டமாகலாம். அச்சு அசலாக ஒன்றுபோல் எதிலும் வராது.

நான் டூல் டிசைன் படித்தவன். "சின்னதைப் பெருசாக்கிடுங்க டாக்டர், அதுதான் ஈஸி" என்றேன்.

"ஆபரேஷன் உங்களுக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. "எனக்குத் தோள் வலிக்கிறது பெரிசாலதான் டாக்டர். சின்னதை நான் என்னிக்குமே குறை சொன்னதில்லை. பெரிசைக் குறைங்க."

"பால் விஷயம்?"

"இன்னொண்ணு இருக்கே. ஆனா அவர்கிட்ட முதல்ல சொல்லிடணும். ஒளிச்சு வச்சுக் கல்யாணம் வேண்டாம்."

பதினோரு வருஷமாக ஊர் கண்ணுக்காக ஒரு பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பாரம் மறுபக்கம். யாரும் கேட்டதில்லை.

திரும்பும்போது பனி போயிருந்தது. ஏரி வெறும் ஏரியாகக் கிடந்தது, அழகாகத்தான்.

இதே காரணத்துக்குப் போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிளம்புங்கள். துணைக்குப் போகிறவர் வாயை மூடிக்கொள்ளவும்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே அம்மாவிடம் சொல்வேன். கல்யாணம் பங்குனியில் இல்லை, ஆபரேஷன் புண் ஆறியபின் ஆவணியில்.
2. புதன்கிழமை படப்பைக்கு, மாப்பிள்ளையைப் பார்க்க அக்காவைக் கூட்டிப் போவேன். பேசுவது அவள்.
3. அவர் சரி என்றால் ஸ்கேனுக்கு அவரும் வரட்டும்.
4. வேண்டாம் என்றால் அவளை நேரே வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். கோவளம் கடல் வரை ஓட்டுவேன். ஆபரேஷன் மட்டும் தள்ளிப்போகாது.