மெம்பர் உட்கார்ந்த நாள்

கரையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. பெண்டாட்டிகூட "மெம்பரே, சோறு ஆறிப்போகுது" என்றுதான் கூப்பிடுவாள். கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தொழில் படகு தள்ளுவது. நாளெல்லாம் கோல் ஊன்றி, நின்ற நிலையில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடுகிற மனுஷன். நின்று நின்று பழகிய உடம்பு. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவரைப் போய் நாற்காலியில் உட்காரத் தேர்ந்தெடுத்தார்களே, அதுதான் வேடிக்கை. சிரித்துவிடாதீர்கள், பின்னால் வருவது சிரிக்கிற கதை இல்லை.

ஆற்றுப்படுகைக் கூட்டுக் குழு என்று ஒன்று, நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கூடும். குடிதண்ணீர் அலுவலகம், மின்நிலையம், மேட்டு விவசாயிகள் சங்கம், வனத்துறை என்று ஆளுக்கொரு நாற்காலி. இவர்கள் எல்லோருக்கும் முன்னாலிருந்து அந்த ஆற்றிலேயே பிறந்து அந்த ஆற்றிலேயே செத்துக்கொண்டிருந்த கரைக்காரர்களுக்கு மட்டும் வெகுகாலம் நாற்காலி இல்லை. மறியல் செய்தார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு நாற்காலி கிடைத்தது.

கூடவே இரண்டு விதிகளையும் சண்டை போட்டு வாங்கினார்கள். கரைக்காரர்களின் மெம்பர் வந்து உட்காராமல் கூட்டம் தொடங்கக்கூடாது என்பது ஒன்று. குழு கூடி உத்தரவு போடாமல் அணையின் ஷட்டரை யாரும் தொடக்கூடாது என்பது மற்றொன்று. அதற்கு முன்னால் அணை என்ஜினீயர் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிடுவார். வலை, படகு, ஆள் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். இரண்டு விதியும் கிடைத்த அன்றைக்கு மெம்பரின் தம்பி அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை முழுக்கச் சுற்றினான். "மெதுவாடா, தண்ணியில போட்டுடாதே" என்று மெம்பர் கத்த, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தம்பிக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. கரைக்காரர்கள் கூடிப் பேசுவதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் மணலில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு பிடிக்காமல் யாராவது ஒருத்தர் எழுந்துவிட்டால் அதோடு கூட்டம் முடிந்தது. எழுந்தவர் திரும்பி வந்து உட்காரும்வரை எந்த முடிவும் செல்லாது. படகில் ஒருத்தன் எழுந்து நின்றால் படகு போகாது, அதே கணக்கு. தம்பி சும்மா சும்மா எழுந்துவிடுவான். "துரை எழுந்தாச்சு, வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்று பெண்கள் முனகிக்கொண்டே சேலையிலிருந்து மணலைத் தட்டுவார்கள்.

அந்தத் தம்பிதான் புறக்கணிப்பு யோசனையைச் சொன்னதும். அணைக்கு மேலே ஆற்றைத் திருப்பி, மலையைக் குடைந்து, புது ஆலைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் குழுவுக்கு வந்திருந்தது. ஓட்டுக்கு விட்டால் மெம்பரின் ஒரு கை எதிர்ப்புக்கு, மற்ற எல்லாக் கையும் ஆதரவுக்கு. இதில் பேச என்ன இருக்கிறது?

"நீ போகாதே அண்ணே. நீ உட்காரலைன்னா அவங்களால கூட்டமே போட முடியாது. இத்தனை வருஷத்துல நம்ம கையில கிடைச்ச ஒரே ஆயுதம், நீ போகாம இருக்கறதுதான்" என்றான்.

கரை மொத்தமும் ஒத்துக்கொண்டது. மெம்பர் போகவில்லை. கூட்டம் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. மாடியில் எல்லோரும் வந்து காத்திருந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். ஆலைக்காரர்கள் மழைக்கு முன்னால் முடிவு தெரியவேண்டும், இல்லையென்றால் வேறு ஆற்றைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று கரை நினைத்தது.

அந்தக் கொஞ்ச நாளுக்குள்தான் தம்பி செத்துப்போனான்.

அவனை யாரும் கொல்லவில்லை. குழு முன்பே போட்ட உத்தரவுப்படி ஷட்டர் திறந்திருக்கும் நாள் என்று தெரிந்தே, வேகத்தில்தான் பெரிய மீன் ஏறும் என்று போனான். பாறை வரிசைக்குக் கீழே படகு உடைந்தது. பலகைகள் கரை ஒதுங்கின, அவன் ஒதுங்கவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்து, அதற்குள் தண்ணீர் சுழன்று சுழன்று போகும். அவன் சட்டையின் ஒரு முனை அங்கே மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. கயிறு கட்டிக்கொண்டு இறங்கிய இரண்டு பேரைத் தண்ணீர் தூக்கி வீசியது. ஒருவனுக்குத் தோள்பட்டை கழன்றது. ஷட்டரை மூடாமல் அவனை எடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தம்பி பெண்டாட்டி அழவே இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டை முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெம்பரிடம் வந்தாள்.

"மாமா, அவர் முகத்தைப் பார்க்கணும். மீன் கடிச்ச முகமா இருந்தாலும் பரவாயில்ல. இப்படியே விட்டா கொஞ்சம் கொஞ்சமா போயிடுவார் மாமா."

மெம்பர் அணைக்கு ஓடினார். என்ஜினீயர் நல்ல மனுஷன், புதுசு. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் கையில ஒண்ணுமில்ல ஐயா. குழு சொல்லாம நான் தொட்டா வேலை போயிடும், கேஸும் வரும். நீங்க வாங்கின விதிதானே அது? இன்னைக்கு மாடியில கூட்டம் வச்சிருக்காங்க. போய்க் கேளுங்க."

கரைக்குத் திரும்பினால் ஆண்கள் எல்லோரும் பாறையில் கயிற்றோடு. படகு கட்டும் தச்சர் ஒருத்தர்தான் மேலே நின்றிருந்தார். கரைக்கே மூத்தவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்:

"போ. வாசல்ல நின்னு கேளு. என்ன ஆனாலும் உட்காராதே."

நகரத்தில் அந்த மாடி அறையில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீளமான மேஜை, பிஸ்கட் தட்டுகள், எல்லா நாற்காலியிலும் ஆள். ஒன்று மட்டும் காலி. மெம்பர் ஈர வேட்டியோடு வாசற்படியில் நின்றார். காலடியில் தண்ணீர் சொட்டியது.

அவர் சொல்லி முடித்ததும் தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, நிஜமாகவே துடைத்தார். அதைச் சொல்லாவிட்டால் எனக்கே பாவம்.

"உடனே மூடச் சொல்லணும்தான். ஆனா இப்ப இங்க கூட்டமே நடக்கலையே ஐயா. நாங்க சும்மா உட்கார்ந்திருக்கோம். நீங்க உள்ள வந்து உட்கார்ந்தாத்தான் இது குழு. குழுவா இருந்தாத்தான் நான் உத்தரவு போட முடியும்."

"இங்கிருந்தே கேக்கறேனே அம்மா."

"நான் மட்டும் போனைப் போட்டா என்ஜினீயர் கேக்க மாட்டார். கேக்கவும் கூடாது. உங்களுக்கே தெரியும்."

தெரியாமலா? ராப்பகலாகச் சண்டை போட்டு வாங்கிய விதி, அட்சரம் பிசகாமல் தெரியும். மெம்பர் காலி நாற்காலியைப் பார்த்தார். சட்டை முனை மேலே வருவதும் உள்ளே போவதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்போது ஒன்று தோன்றியது. உட்கார்ந்து, ஷட்டர் உத்தரவை வாங்கிக்கொண்டு, உடனே எழுந்துவிட்டால்? எழுந்துவிட்டால் கூட்டம் முடிந்ததுதானே. பிறந்ததிலிருந்து அவர் கண்ட கூட்டமெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. தம்பி நூறு தடவை முடித்திருக்கிறான். அட, இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது.

உள்ளே போய் உட்கார்ந்தார்.

எல்லாம் மளமளவென்று நடந்தது. தலைவரம்மா கூட்டம் தொடங்கியது என்றார், ஷட்டரை மாலைவரை மூடலாமா என்றார், எல்லோரும் கை தூக்கினார்கள். மின்நிலையத்துக்காரரும் தூக்கினார். எழுத்தர் அங்கேயே போன் போட்டார். "மூடறாங்களாம் ஐயா" என்றார்.

மெம்பர் எழுந்தார்.

"நான் எழுந்துட்டேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. வழியனுப்பத்தான் என்று நினைத்துத் தலைவரம்மாவும் எழுந்து கைகூப்பினார். "போயிட்டு வாங்க ஐயா. ஏதாவது வேணும்னா சொல்லி அனுப்புங்க."

"நான் எழுந்துட்டேன் அம்மா. கூட்டம் முடிஞ்சது."

எழுத்தர் எட்டி அவர் கையைத் தொட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பரிவாகச் சொன்னார்: "இல்லீங்க ஐயா. தொடங்கும்போது நீங்க இருந்தீங்கல்ல, அது போதும். அப்புறம் யார் போனாலும் நடக்கும். அடுத்தது அந்த ஆத்தைத் திருப்புற திட்டம்தான். உங்களுக்கு அவசரம், தெரியுது. எதிர்ப்புன்னு எழுதிக்கட்டுமா?"

மெம்பர் நின்றுகொண்டே கையைத் தூக்கினார். அந்த அறையில் எதிர்ப்புக்குத் தூக்கிய கை அது ஒன்றுதான். தூக்கிய கையை எப்போது இறக்கினோம் என்று பிற்பாடு அவருக்கு ஞாபகமே இல்லை. படியிறங்கும்போது பின்னால் தீர்மானத்தைப் படிக்கும் குரல் கேட்டது. நின்று சண்டை போடலாம் என்றால் மாலைக்குள் தம்பியை எடுத்தாகவேண்டும். ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆறு வற்றியிருந்தது. வாழ்நாளில் அவர் பார்க்காத அடிமண்ணெல்லாம் வெளியே தெரிந்தது. குட்டைகளில் மீன்கள் துடித்தன. பொறுக்க ஒருவரும் குனியவில்லை. தம்பியைப் பொந்திலிருந்து எடுத்து ஒரு தட்டைப் பாறையில் கிடத்தினார்கள். நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். முகம் முழுசாக இருந்தது. அவன் பெண்டாட்டி அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

"நல்ல நேரத்துக்கு மூட வச்சீங்க மாமா" என்றாள்.

மாடியில் நடந்ததை மெம்பர் அப்போது சொல்லவில்லை. அடக்கம் முடியட்டும் என்று இருந்தார். சாயங்காலம் ஷட்டர் திறந்து, ஆறு ஒன்றும் நடக்காததுபோல் வந்தது.

துக்கம் கலைவதற்கு முன்னால் மணலில் எல்லோரையும் உட்காரவைத்து அவரே சொன்னார். ஒளிக்கவில்லை, தனக்குச் சாதகமாகத் திரிக்கவுமில்லை. எழுந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தச்சர் கேட்டார்: "உட்காராதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"செத்தவனை எடுக்க இருக்கறவங்க எல்லாரையும் குழியில தள்ளிட்டு வந்திருக்கே."

"உன் தம்பி உயிரோட இருந்திருந்தா உன் மூஞ்சியில துப்பியிருப்பான்" என்றான் தோள் கழன்றவன், கட்டுப்போட்ட கையோடு. இன்னொருத்தர், இனி அவர் படகில் யாரும் கால் வைக்கக்கூடாது என்றார். இன்னொருத்தர், குடும்பத்தோடு கரையைவிட்டுப் போகட்டும் என்றார். மெம்பர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொன்னாலும் சரி, சொல்லிவிடட்டும் என்றிருந்தது. அதைச் சுமந்துகொண்டு போய்விடலாம்.

அப்போது தம்பி பெண்டாட்டி எழுந்தாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்தவளில்லை, புருஷன் எழுந்தால் தலையில் அடித்துக்கொள்கிறவள்.

"உட்காரும்மா. பேசி முடிக்கணும்" என்றார் தச்சர்.

"நான் எழுந்துட்டேன் பெரியப்பா."

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள், மணலைத் தட்டிக்கொண்டார்கள், போனார்கள். மாடியில் நாலு காசுக்குப் பெறாத அதே வார்த்தை இங்கே ஒரு கரையையே கலைத்ததை மெம்பர் பார்த்துக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதற்கப்புறமும் அந்தப் பேச்சை எடுத்தார்கள். எடுத்தபோதெல்லாம் அவள் எழுந்தாள். தீர்ப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மலையைக் குடைந்து முடித்தார்கள், ஆறு திரும்பிப்போனது. இப்போது கரையில் ஓடுவது கணுக்கால் நனைகிற தண்ணீர். அக்கரைக்கு நடந்தே போகிறார்கள். பாதிப் பேர் நகரத்துக்குக் கூலிவேலைக்குப் போய்விட்டார்கள். மெம்பரின் படகு மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. அவர் இன்னும் அதன் பக்கத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், பழக்கதோஷம். கூப்பிடுவது மட்டும் இன்னும் மெம்பர் என்றுதான்.

ஒருநாள் அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். மெம்பர் மறித்தார்.

"ஏம்மா, ஒரே ஒரு தடவை எழுந்திரிக்காம உட்காரேன். கரைக்காரங்க என்ன சொல்லணுமோ சொல்லிட்டுப் போகட்டும். என்னால தாங்க முடியல."

அவள் ஆறு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"முகத்தைப் பார்க்கணும்னு கேட்டது நான் மாமா. உங்களுக்குச் சொல்ற தீர்ப்பு எனக்கும்தானே?"

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அக்கரைக்கு நடந்து போனாள்.